பயம் டிக்கெட் எடுக்குமா?

“சார், இவனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க.” நம் பள்ளிக்கூடங்களில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: நான் திட்டி ஓய்ந்துவிட்டேன், இனி நீங்கள் திட்டுங்கள். பையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அப்பா வாங்கும் சம்பளம், அம்மா படும் பாடு, பக்கத்து வீட்டுப் பெண் எடுத்த மார்க் எல்லாம் வரிசையாக வரும். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்.” கவுன்சிலிங் முடிந்தது.

சிரித்துப் பேசினால் பிள்ளை தலையில் ஏறி உட்கார்ந்துவிடும் என்பது நமக்கு வேதவாக்கு. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று பழமொழி வேறு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதோடு மனத்தை வதைப்பதையும் சேர்த்தே தடை செய்தது. நாமோ பிரம்பை மட்டும் கீழே வைத்துவிட்டு, அதன் வேலையை அறிவுரைக்குக் கொடுத்துவிட்டோம்.

ஒரு பள்ளியில் நான் பார்த்தது. ஆறாம் வகுப்புப் பையன். கணக்குப் பாடம் என்றாலே வயிற்றுவலி. எதிரே உட்கார்ந்திருந்த ஆலோசகர் அம்மா கேட்டார்: “அந்தப் பயம் எப்படா வரும்?”

“செவ்வாய்க்கிழமை மூணாவது பீரியட், மிஸ்.”

“நடந்தா, பஸ்லயா?”

பையன் நிமிர்ந்து பார்த்தான். “பஸ்ல.”

“டிக்கெட் எடுக்குமா?”

“எடுக்காது மிஸ், ஃப்ராடு!” சிரித்துவிட்டான். “சரி, என்ன செஞ்சா அது வாசல்லயே நிக்கும்?” கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: “என்னைய போர்டுக்குக் கூப்பிடாம இருந்தா.”

வயிற்றுவலியின் முகவரி கிடைத்துவிட்டது. ஒரு மணி நேர அறிவுரையில் இது வந்திருக்குமா?

பயத்தை இப்படி ஓர் ஆளாக்கிப் பேசுவது ஏதோ பொழுதுபோக்கு வித்தை அல்ல. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் வைட் என்ற சிகிச்சையாளர், உடையிலேயே மலம் கழித்துவிடும் பிள்ளைகளைப் பற்றி 1984-இல் எழுதினார். அந்தத் தொல்லைக்கு ‘திருட்டுக் கக்கா’ என்பதுபோல ஒரு பட்டப்பெயர் வைத்து, அதை ஏய்க்கும் வழிகளைப் பிள்ளையையும் பெற்றோரையும் சேர்ந்து தேட வைத்தார் அவர். குற்றவாளிக் கூண்டிலிருந்து பிள்ளை இறங்கியது, பிரச்சினை ஏறியது.

“நாங்களும் ஜோக் அடிப்போமே” என்பார்கள் சில ஆசிரியர்கள். அடிக்கிறீர்கள், டியூப்லைட், மக்குப் பிளாஸ்திரி, வாத்து மடையன். வகுப்பே சிரிக்கும், அந்த ஒருவனைத் தவிர. சிரிப்பு பிரச்சினையைப் பார்த்து இருக்க வேண்டும், பிள்ளையைப் பார்த்து அல்ல. முதலில் சிரிக்க வேண்டியவனும் அந்தப் பிள்ளைதான்.

எல்லாவற்றுக்கும் வேடிக்கையா என்றால், இல்லை. செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னாலோ, யாரோ தொட்ட கதையைச் சொன்னாலோ, சிரிப்பை அந்த நொடியே நிறுத்த வேண்டும். பாலியல் கொடுமை என்றால் புகார் செய்வது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். ஆனால் அந்த வார்த்தை அவர்கள் வாயில் வருவதற்கே, அதற்கு முன் பத்து நாள் யாராவது அவர்களிடம் இலகுவாகப் பேசியிருக்க வேண்டும்.

“புரிஞ்சுது சார்” என்று சொல்லிவிட்டுப் போனானே, அவனுக்கு ஒன்று நிஜமாகவே புரிந்திருக்கும்: இந்த ரூமில் வாயைத் திறக்கக் கூடாது.