காலி இடத்துக்கு யார்?

2025 டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு இளைஞர்களை எடுத்தது. ஒருவர் உத்தரப்பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது 20. இன்னொருவர் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம் ரூபாய்தான். கடைசியில் ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம்! இந்திய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்களுக்கு அதற்கு முன் எந்த ஏலத்திலும் இவ்வளவு கொடுத்ததில்லை.

ஏன் இவ்வளவு? 2025 போட்டியில் 10 அணிகளில் சென்னைக்குக் கடைசி இடம். பிறகு ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. ஜடேஜா போனால் ஒரு ஆளா குறைகிறார்? பேட்டிங், சுழற்பந்து, பீல்டிங் மூன்றும் குறைகிறதே!

பிரசாந்த் வீரைப் பாருங்கள். இடது கை பேட்ஸ்மேன், இடது கை சுழற்பந்து வீச்சாளர். அப்படியே ஜடேஜாவின் இடம்! கார்த்திக் கதை வேறு. அவர் விக்கெட் கீப்பர். சிக்சர் அடிப்பதில் கெட்டிக்காரர். ஆனால் கீப்பிங்குக்கு சாம்சன் இருக்கிறார், 44 வயதிலும் தோனி இருந்தார். ஆகவே கார்த்திக் மட்டையை நம்பித்தான் இடம் பிடிக்க வேண்டும். பிரசாந்துக்கு இடம் தயார். ஆனால் அவர் போடும் ஒவ்வொரு பந்தையும் ஜடேஜாவோடு ஒப்பிடுவார்கள். என் கணக்கில் அவர் சுமைதான் பெரிது.

காலி இடத்தை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால் என்ன ஆகும்? 2008இல் மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. கேப்டன் விராட் கோலி. அந்தப் பையன்களை ஐ.பி.எல். அணிகள் ஏலம் விடாமல், முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டன. இதற்கு 'டிராப்ட்' என்று பெயர். அமெரிக்கக் கூடைப்பந்தில் நெடுநாள் வழக்கம். டெல்லியிடம் சேவாக், கம்பீர் என்று பேட்ஸ்மேன்கள் இருந்தார்கள். பந்து வீச ஆள் வேண்டும் என்று பிரதீப் சங்வானை எடுத்தது. உள்ளூர்ப் பையன் கோலி பெங்களூருக்குப் போனார். அங்கேயே 8,000 ரன்களைத் தாண்டினார். 2025இல் கோப்பையும் வாங்கினார். டெல்லியைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய தேவைக்கு அது சரியான கணக்கு. 18 வருடத்துக்குத்தான் போதவில்லை.

நானும் அப்படிக் கணக்குப் போட்டவன்தான். நன்னிலம் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் கபடி அணிக்குப் பொறுப்பாக இருந்தேன். நன்றாகப் பாடிப் போகும் பையன் பத்தாவது முடித்துப் போய்விட்டான். அவனைப் போலவே உயரமாக இருந்த ஒருவனை அந்த இடத்தில் விட்டேன். தினமும் கோட்டைத் தாண்டுவான், பிடிபடுவான். ஒரு மாதம் வீணானது. ஒருநாள் ஆள் குறைந்ததால் அவனை மூலையில் பிடிக்க நிறுத்தினேன். வந்தவன் காலை ஒரே பிடி! அதற்குப் பிறகு அவனை நான் பாட அனுப்பவே இல்லை.