யெப்தாவின் மகளைப் பற்றி ஏன் பிரசங்கிப்பதில்லை?

போன மாதம், கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் எங்கள் பனச்சமூடு சந்தைப் பக்கம் ஒரு கன்வென்ஷன் நடந்தது. கடைசி இரவுப் பிரசங்கம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலி கொடுக்க மோரியா மலைக்குக் கூட்டிப்போன கதை. மைக் செட் அலறிய அலறலில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாலும் ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. பிரசங்கியார் அழுதார், கூட்டமும் அழுதது. கேள்வி கேட்காதே, கீழ்ப்படி என்பதைத்தான் ஒரு மணி நேரம் சொன்னார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சாயாக்கடையில் எனக்குத் தெரிந்த ஒருவர் நேற்றைய பிரசங்கத்தைப் பற்றிச் சிலாகித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். "தெய்வம் கேட்டா எனக்க பிள்ளையையும் குடுப்பேன் அண்ணே. யோசிக்கவே மாட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் கை, பக்கத்தில் நின்று பழம்பொரி தின்றுகொண்டிருந்த மகளின் தலைமேல் இருந்தது. ஏழெட்டு வயது இருக்கும். மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார்.

அந்தத் தலையாட்டலையும் அந்த ஸ்தோத்திரத்தையும்தான் கண்டிக்கிறேன். கடவுள் கேட்டால் எதையும் தூக்கிக் கொடுப்பதுதான் பக்தியின் உச்சம், தயங்குகிறவன் விசுவாசத்தில் குறைந்தவன் என்ற நினைப்பு நம் பக்கத்தில் ஜாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளமா அந்தப் பக்கம் தமிழ்நாடா என்றும் பார்ப்பதில்லை. வெள்ளறடைக்குப் பக்கத்தில் ஒரு மலையில் குருசு, அதை ஒட்டிய இன்னொரு மலையில் காளி. இரண்டு மலைக்கும் ஏறுகிறவர்கள் இந்த விஷயத்தில் ஒரே பேச்சுதான் பேசுகிறார்கள்.

ஆபிரகாம் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் புதரில் சிக்கிய ஆட்டுக்கடாவிடம் வந்து ஆறுதல் அடைந்துவிடுகிறார்கள். தூதன் கூப்பிட்டான், கத்தி நின்றது, பையன் பிழைத்தான். சரி, அதே வேதத்தில் நியாயாதிபதிகள் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யெப்தா அம்மோனியரோடு போருக்குப் போகிறான். ஜெயித்துத் திரும்பினால் தன் வீட்டு வாசலிலிருந்து எதிரே வருவதைத் தகனபலியாகக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்கிறான். ஜெயிக்கிறான். மிஸ்பாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினால், தம்பூர் அடித்துக்கொண்டு ஆடி வருகிறாள் அவனுடைய ஒரே மகள். அவன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். அப்போதும் அவளால்தான் தனக்கு இந்தத் துயரம் வந்தது என்ற தோரணையில்தான் பேசுகிறான். தோழிகளோடு மலைகளில் போய் அழுதுவிட்டு வர அவள் இரண்டு மாதம் தவணை கேட்கிறாள். இரண்டு மாதம் முடிந்ததும் திரும்பி வருகிறாள். அவன் பொருத்தனையை நிறைவேற்றுகிறான். அங்கே தூதனும் வரவில்லை, கடாவும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேதத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

அவளைக் கொல்லவில்லை, கன்னியாகவே வாழ விட்டுவிட்டான் என்று வியாக்கியானம் சொல்கிறவர்கள் உண்டு. அவன் செய்ததைத் தாங்க முடியாமல்தான் அப்படி ஒரு வியாக்கியானமே பிறந்தது. யெப்தாவிடம் கடவுள் கேட்கவில்லை, அவனாக நேர்ந்துகொண்டான் என்பார்கள் இன்னும் சிலர். கடவுள் கேட்ட பலிக்கும், கடவுளுக்கு வேண்டும் என்று அப்பன் நினைத்துக்கொண்ட பலிக்கும் அந்த மகளின் கழுத்தில் என்ன வித்தியாசம்?

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல். கன்வென்ஷன் பிரசங்கிகளுக்கு அது மனப்பாடம். அதில் ஆபிரகாம் இருக்கிறார். 32-ஆம் வசனத்தில் யெப்தாவும் இருக்கிறான். ஆபிரகாமைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களுக்கு எண்ணிக்கை இல்லை. யெப்தாவின் மகளைப் பற்றி ஒருவர் வாய் திறந்து கேட்டதில்லை. திறக்க மாட்டார்கள். திறந்தால் முந்தின இரவு சொன்னது முழுக்க இடிந்து விழும். இரண்டு தகப்பன்மாரும் துணிந்தது ஒரே காரியத்துக்குத்தான். ஒருவனை நிறுத்த ஒரு குரல் வந்தது, இன்னொருவனை நிறுத்த யாரும் வரவில்லை. அப்படியானால் மேன்மை முழுக்க நிறுத்திய குரலுக்குத்தான் சேரும். கத்தியை ஓங்கிய கைக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் சாராள் இல்லை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதாக இல்லை. அடுத்த அதிகாரம் அவளுடைய சாவோடு தொடங்குகிறது. பிள்ளையைப் பெறுவது அவள், கொடுப்பது அவன், புகழும் அவனுக்கு. இந்த ஏற்பாடு மலையில் மட்டும் இல்லை, நம் வீடுகளிலும் இருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளையைச் சபைக்கும் மடத்துக்கும் நேர்ந்துவிட்டு, அது வளர்ந்து படிக்கவோ கல்யாணம் பண்ணவோ ஆசைப்பட்டால் "பொருத்தனையை மீறாதே" என்று மிரட்டுகிற பெற்றோரை நான் அறிவேன். அவர்களும் யெப்தாவின் வம்சம்தான்.

சைவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் வீட்டுக்கு வந்த அடியார் பிள்ளைக்கறி கேட்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து சீராளனைக் கூட்டிவருகிறார்கள். தாய் கால்களைப் பிடித்துக்கொள்ள, தகப்பன் அரிகிறார். பெற்றவர்கள் இருவரும் மனம் மகிழ்ந்து செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. முடிவில் சீராளன் உயிரோடு ஓடி வந்துவிடுகிறான். பிள்ளை திரும்பி வரும் என்பது கதை சொல்கிறவருக்குத் தெரியும், கேட்கிற நமக்கும் தெரியும். ஆகவே நிம்மதியாகக் கண்ணீர் விடுகிறோம்.

திரும்பி வரும் என்று உண்மையாகவே நம்பியவர்கள் என்ன செய்தார்கள்? 2021 ஜனவரி 24, ஆந்திரத்தின் மதனப்பள்ளி. தகப்பன் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர், தாய் கணிதத்தில் முதுகலை படித்தவர். வளர்ந்த இரண்டு மகள்களையும் வீட்டுக்குள்ளேயே அடித்துக் கொன்றார்கள் என்பது வழக்கு. கலியுகம் அன்றோடு முடிகிறது, மகள்கள் உயிரோடு எழுந்து வருவார்கள் என்று போலீசிடம் சொன்னார்கள். படிப்பில்லாதவர்களின் மூடத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். சரியாக இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 7 அதிகாலையில், பாலக்காட்டில் ஒரு தாய் வீட்டுக் குளியலறையில் தன் ஆறு வயது மகனின் கழுத்தை அறுத்துவிட்டு, தானே போலீசுக்குப் போன் செய்தாள். கடவுளுக்காகப் பலி கொடுத்தேன் என்றாள். அவள் வயிற்றில் இன்னொரு பிள்ளை. அவள் மனம் சிதைந்தவளாக இருக்கலாம். நான் அவள்மேல் கல்லெறிய வரவில்லை. ஆனால் சிதைந்த மனம் பலி என்ற சொல்லையும் அதற்கான முன்மாதிரியையும் எங்கிருந்து எடுத்தது? ஊர் கூடி ஆண்டாண்டாகப் போற்றும் கதையிலிருந்துதான். அந்தக் குளியலறைக்கும் தூதன் வரவில்லை. யெப்தாவின் வீட்டுக்கு வராதவன் பாலக்காட்டுக்கு வருவானா?

2022 அக்டோபரில் வெளியே வந்த, கேரளத்தின் எலந்தூர் கொலைகள் இதிலும் கேடானவை. குடும்பத்துக்குச் செல்வம் வேண்டி இரண்டு பெண்களை நரபலி கொடுத்துத் தோட்டத்தில் புதைத்தார்கள் என்கிறது போலீஸ். ஒருத்தி தர்மபுரியிலிருந்து பிழைக்க வந்து கொச்சியில் லாட்டரிச் சீட்டு விற்ற தமிழ்ப் பெண். பலி கேட்கிற சாமி எப்போதும் வக்கில்லாதவர்கள் பக்கம்தான் கை காட்டுகிறது. ஐதரேய பிராமணத்தில் சுனச்சேபன் கதை இருக்கிறதே, அதை வாசித்துப் பாருங்கள். அரிச்சந்திரன் தன் மகனையே வருணனுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டு, தவணைமேல் தவணை கேட்கிறான். கடைசியில் அந்த ராஜகுமாரனுக்குப் பதிலாக, பட்டினி கிடந்த ஓர் ஏழைப் பிராமணனின் நடுப்பிள்ளையை நூறு பசு கொடுத்து வாங்குகிறார்கள். கம்பத்தில் கட்ட யாரும் முன்வராதபோது பெற்ற தகப்பனே இன்னொரு நூறு பசுவுக்குக் கட்டுகிறான், மேலும் நூறுக்கு வெட்டவும் தயாராகிறான். பையன் தப்பித்தபின், அந்தத் தகப்பன் கூப்பிட்டும் அவனோடு போக மறுத்துவிடுகிறான். யெப்தாவின் மகளுக்குக் கிடைக்காத வாய் சுனச்சேபனுக்காவது கிடைத்தது.

எலந்தூருக்குப் பிறகு கேரளம் கொதித்தது. மந்திரவாதத்துக்கும் நரபலிக்கும் எதிராகச் சட்டம் வேண்டும் என்று எல்லாக் கட்சியும் பேசியது. நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019-லேயே மசோதாவை எழுதிக் கொடுத்திருந்தது. 2025 ஜூனில் அரசு உயர் நீதிமன்றத்தில் என்ன சொன்னது? அந்த மசோதாவைத் தொடர வேண்டாம் என்று அமைச்சரவை முடிவு செய்துவிட்டதாம். மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்ற பிறகாவது, 2013-இல் ஒரு சட்டம் வந்தது. நாம் இன்னும் எத்தனை பிணத்துக்குக் காத்திருக்கிறோம்? இதே திருவிதாங்கூரில் ராணி சேதுலட்சுமிபாய் 1925-இல் கோயில்களில் ஆடு கோழி பலியையே நிறுத்தினார். நூறு வருஷத்துக்கு முன்னால் ஆட்டுக்கு இருந்த நாதி இன்று மனுஷனுக்கு இல்லை.

உயிர் போகாத பலிகளையும் விட மாட்டேன். இங்கிருந்து அதிக தூரமில்லாத கொல்லங்கோட்டில் பத்ரகாளிக்குத் தூக்க நேர்ச்சை. உயரத்தில் வில்லில் தொங்குகிறவர்களின் கையில் கைக்குழந்தைகள். பிள்ளை வரம் கேட்டவர்கள் பெரியவர்கள், அந்தரத்தில் வீறிட்டு அழுவது குழந்தை. 2024 பிப்ரவரியில் அடூர் பக்கம் ஏழங்குளத்தில் இதே தூக்கத்தில் ஒரு வயதுகூட ஆகாத குழந்தை கீழே விழுந்தது. பிழைத்ததும் "அம்மை காத்தாள்" என்றார்கள். விழ விட்டது யார் என்று கேட்கப் பயம். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை ஆறாலுமூட்டில், அப்பா சமாதியானார் என்று சொல்லி மகன்களே சிமெண்ட் அறைக்குள் வைத்து மூடிவிட்டார்கள். மரணச் சான்றிதழ் எங்கே என்று உயர் நீதிமன்றம் கேட்கிற வரைக்கும், கல்லறையைத் திறக்கக் கூடாது என்று கூட்டம் கூடி நின்றதே, அந்தக் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்று கேட்பதே தெய்வக் குற்றம் என்றார்கள்.

தினசரி நடப்பது இதைவிடச் சத்தமில்லாதது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு சேச்சியிடம், ஊசியை விடுவதுதான் விசுவாசம் என்று ஓர் ஊழியக்காரர் சொன்னார். கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. அவர் விட்டார், கால் போனது. ஊழியக்காரரின் கால் நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்த ஊரில் அதே மேடையில் நிற்கிறது.

கடவுளின் குரலை மறுக்க நீ யார் என்று கேட்பார்கள். கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவஞானி 1798-இலேயே இதற்கு விடை எழுதிவிட்டார்: மகனைக் கொல்லக் கூடாது என்பது எனக்கு நிச்சயம், கேட்கிற குரல் கடவுளுடையது என்பது நிச்சயமில்லை, ஆபிரகாம் அப்படித்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். வெளியாள் பேச்சு வேண்டாம் என்றால் எரேமியாவின் 7-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பிள்ளைகளைத் தீயில் போட்டவர்களைப் பார்த்து, இதை நான் கட்டளையிடவும் இல்லை, நினைக்கவும் இல்லை என்று கர்த்தரே மறுக்கிறார். கர்த்தரே கைகழுவிய காரியத்துக்குச் சாயாக்கடையில் ஸ்தோத்திரம் சொல்கிறீர்கள்.

தன் உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அது அவர்களுடையது. பிள்ளையின் உயிர் பெற்றவனின் சொத்து இல்லை. ஆகவே அதைக் கொடுக்கிறவன் தியாகி இல்லை. யெப்தா விசுவாச வீரன் இல்லை, மகளைக் கொன்றவன்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஈசாக்கின் கதையைச் சொல்லும் அன்றே யெப்தாவின் மகளின் கதையையும் சொல்லுங்கள், யார் தவறு செய்தார் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பிள்ளையைக் கொடுக்கச் சொல்லி ஒரு குரல் கேட்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், ஊழியக்காரரையும் மந்திரவாதியையும் தேடி ஓடாதீர்கள். முதலில் பிள்ளையை அங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள், பிறகு சொன்னவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பயமாக இருந்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கத்திலும் அதே எண்தான்.