சாப்பிடலைன்னா ஊசி வேண்டாமா?

"ரெண்டு நாளா கஞ்சிகூட இறங்கல, ஊசி எதுக்கு? சுகர் லோ ஆயிடும்." ஆரம்பாக்கத்திலும் பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களிலும் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கக் காய்ச்சல் கண்ட வீடுகளில் இன்சுலினை நிறுத்தச் சொல்லும் நியாயம் இது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது.

வயிறு காலியானால் ரத்தத்தில் சர்க்கரையும் குறையும் என்ற கணக்கே தப்பு. காய்ச்சலோ சீழ்ப்புண்ணோ வந்தால் கார்ட்டிசால், அட்ரினலின் எல்லாம் ஏறும். பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடும். ஏரித் தண்ணீரில் இறங்கி இறால் தடவுகிறவர்களுக்குக் கிளிஞ்சல் கிழித்த காலும் கெளுத்தி முள் குத்திய கையும் புதிதா? அந்தப் புண் சீழ் பிடிக்கும்போது இன்சுலின் கூடுதலாகவே தேவைப்படும். அப்போது பார்த்து நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது, கீட்டோன் அமிலம் சேர்கிறது. 1922இல் டொராண்டோவில் முதல் இன்சுலின் ஊசி போடப்படும்வரை முதல் வகை நீரிழிவுக்காரர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் இந்த அமிலம்தான்.

அமிலம் சேர்வதன் அறிகுறிகள்: அடங்காத தாகம், வாந்தி, வயிற்றுவலி, பிறகு ஆழமாக இழுத்து விடும் மூச்சு. மூச்சில் அழுகிய பழ வாடை, பேச்சில் குழறல். "தண்ணி போட்டிருக்கான், தூங்கினா சரியாயிடும்" என்று திண்ணையில் கிடத்திவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு இந்த வாடைகூட இருக்காது. சர்க்கரை 600ஐத் தாண்டி மந்தமாகக் கிடப்பார்கள். அதற்கு 'அசதி' என்று பெயர்.

தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்வது இன்னும் மோசம். முதலில் ஏற வேண்டியது சலைன். பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு நரம்பு வழியாக இன்சுலின். பொட்டாசியம் சரிந்தால் இதயம் தடுமாறும். கிளினிக்கில் செய்கிற வேலையல்ல. 108ஐக் கூப்பிட வேண்டும்.

சுகர் இறங்கும் என்ற பயம் பொய்யல்ல. அதற்குத்தான் மீட்டர்: சில மணிக்கு ஒருமுறை அளந்து, அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டரைக் கேட்கலாம். 70க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். உண்மையில் அந்த நாட்களில் நிறுத்த வேண்டியது டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரையை. அதைச் சாப்பிடுகிறவருக்கு மீட்டர் 200 காட்டும்போதே அமிலம் ஏறியிருக்கலாம்.

ஊர்ச்சனங்களை மட்டும் திட்டிப் பயனில்லை. 'சாப்பாட்டுக்கு அரை மணி முன்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், சாப்பாடு இல்லாத நாளில் ஊசியும் இல்லை என்றுதானே படிப்பார்கள்? 2021 ஆகஸ்ட் 5 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. காய்ச்சல் நாளில் என்ன செய்வது என்ற நாலு வரியையும் அந்தக் கையில் கொடுத்தனுப்பலாமே.