மறதிக்கு எதிர்ச்சொல்

‘மறதி’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் தருக என்று வகுப்புத் தேர்வில் கேட்டிருந்தோம். மாணவர் அனைவரும் ‘நினைவு’ என்றெழுதினர். ஒருவன் மட்டும் ‘அறிதல்’ என்றெழுதினான். சிவப்பு மையால் கோடு கிழித்தோம், சுழியும் இட்டோம்.

அன்றிரவு திருக்குறளைப் புரட்டினோம். 11ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது: செய்ந்நன்றி அறிதல்! நன்றி மறவாமையைக் கூற வந்த வள்ளுவர், ‘நினைத்தல்’ என்னாது ‘அறிதல்’ என்றார். பரிமேலழகரோடு நமக்கு எத்தனையோ வழக்குகள் உண்டு. ஆயினும் அவரும் இவ்விடத்தில் ‘மறவாமை’ என்றே பொருள் உரைத்தார். மாணவன் வென்றான், நாம் தோற்றோம். மறுநாள் மதிப்பெண்ணைத் திருத்தினோம்.

மேலும் படித்தோம். 54ஆம் அதிகாரம், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. பொச்சாவாமை என்றால் மறவாமை. எந்த மறதி? மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாது தேடும் பாட்டியின் மறதியா? அன்று! செல்வத்தால், செல்வாக்கால், மகிழ்ச்சி மயக்கத்தால் கடமையில் சோர்ந்து கிடக்கும் மறதி! அளவு கடந்த சினத்தினும் இது தீது என்றார் வள்ளுவர். பொருட்பாலில், அரசியலில் இதனை வைத்தார். மருத்துவரிடம் காட்டவேண்டிய நோயன்று இது. மக்கள் மன்றத்தில் கேட்கவேண்டிய குற்றம்.

அந்தச் சொல்லையே இன்று மறந்துவிட்டோம். சொல் ஒன்று போனால் என்ன குடி முழுகிவிட்டது என்பீர். கேளுங்கள்!

மனிதக் கழிவை மனிதன் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993இல் சட்டம் செய்தனர். 2013இல் மற்றொரு சட்டம் வந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவது குற்றம் என்றது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருக என்று 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியது, சாவு நின்றதா?

நச்சுக்காற்றில் ஒருவர் மாண்டதும், “எமக்குத் தெரியாது” என்கிறார் வீட்டுக்காரர். “கவனத்துக்கு வரவில்லை” என்கிறார் அதிகாரி. “அடடா!” என்று செய்தித்தாளை மடித்து வைக்கிறோம் நாம். தெரியாதா? குழியின் மூடியைத் திறக்கச் சொன்னது யார்? கூலி பேசியது யார்? எந்தச் சேரிக்கு ஆளனுப்பினால் எவர் வருவார் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? இதற்குப் பெயர் அறியாமையா? பொச்சாப்பு! சாதி தந்த சொகுசிலே பிறந்த பொச்சாப்பு!

மாண்டவருக்கு மாலையிடுவோம், ஆண்டுதோறும் நினைவுநாள் கொண்டாடுவோம், மறுநாள் அதே குழியில் மற்றொருவர் இறங்குவார். வெறும் நினைவு இவ்வளவுதான் செய்யும். அறிதலோ ஆளைச் சும்மா இருக்க விடாது. காலையில் எழுப்பித் தெருவுக்கு அனுப்பும்.

தோழர்களே! உங்கள் தெருவில் மலக்குழியின் மூடி திறக்கப்படும் நாளில் அங்கே சென்று நில்லுங்கள். எந்திரம் எங்கே என்று கேளுங்கள். ஆள் இறங்கினால் தடுத்து நிறுத்துங்கள், சட்டத்தை எடுத்துக்காட்டுங்கள், அதிகாரியை அழையுங்கள். ‘தெரியாது’ என்று எவரும் தப்பிக்க இயலாதபடி ஊரறியச் சொல்லுங்கள்.

அந்த மாணவனின் விடைத்தாள் நம்மிடம் இருக்கிறது. அதில் நாம் கிழித்த சிவப்புக் கோடும் இருக்கிறது. அதனை அழிக்கப்போவதில்லை. நாமும் ஒருநாள் பொச்சாந்தோம் என்பதை நாம் அறியவேண்டாமா?