டாக்டரை சஸ்பெண்டு செய்தால் வியாதி தீருமா?

மழை பெய்யாவிட்டால் மாரியம்மனுக்கு ஆடு வெட்டுகிறார்கள். வெட்டியதனால் மழை வந்ததா என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஏதோ செய்துவிட்டோம் என்கின்ற திருப்தியே போதுமானதாயிருக்கின்றது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு சாவு நேர்ந்து, ஜனங்கள் கூச்சலிட்டவுடன், ஒரு டாக்டரைப் பிடித்து சஸ்பெண்டு செய்வதும் பெரும்பாலும் இந்தப் பூசையைச் சேர்ந்ததே என்பது நமது அபிப்பிராயம்.

குரங்கணிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2018 மார்ச் 11ந் தேதி மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் மாண்டார்கள். உடனே வன இலாகா ரேஞ்சர் ஒருவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். அவர் மீது குற்றம் உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். வெந்த உடம்போடு வந்தவர்களை அன்று ஏந்திக் கொண்டது எது? போடியிலும் தேனியிலும் மதுரையிலும் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகளல்லவா? அந்த நேரத்தில் டாக்டர் நாற்காலி காலியாயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க, சஸ்பெண்டு என்பது தண்டனை அல்ல. விசாரணை முடியும் வரை ஒதுக்கி வைப்பது மாத்திரமே என்று சட்டம் சொல்லுகிறது. நடப்பில் என்ன? ஒதுக்கப்பட்டவருக்கு வேலை இல்லாமலே பாதிச் சம்பளம் பிழைப்புப் படியாகக் கொடுக்கப்படுகிறது. மாதங்கள் செல்லச் செல்ல அது கூட்டப்படவும் கூடும். அவருடைய உத்தியோகமோ அவர் பேரிலேயே நிற்பதால், வேறொருவரை அங்கு நிலையாகப் போடுவது கஷ்டமாகிறது. பணமும் போய், வைத்தியமும் போயிற்று.

இதன் செலவு எவ்வளவு என்று இங்கிலாந்தில் கணக்குப் பார்த்தார்கள். அந்நாட்டுக் கணக்குத் தணிக்கை இலாகா 2003ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு டாக்டர் சராசரியாக 47 வாரம் வேலையில்லாமல் இருந்தார். டாக்டர், நர்சு முதலிய எல்லோரையும் சேர்த்து ஆன செலவு வருஷத்திற்கு 2 கோடியே 90 லட்சம் பவுன். அதற்கு முன் ஒரு குழந்தை வைத்தியர் 1982ல் ஒதுக்கப்பட்டு, 1994 வரை முடிவு தெரியாமலே இருந்தார். பணக்கார தேசத்திலேயே இந்தக் கதி!

நமது தேசத்தையே பாருங்கள். 2017 ஆகஸ்டில் கோரக்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏராளமான குழந்தைகள் செத்தன. ஆக்சிஜன் கம்பெனிக்குப் பாக்கி தீராமல் சப்ளை நின்றிருந்தது. அங்கிருந்த டாக்டர் கபீல் கான் சஸ்பெண்டு செய்யப்பட்டு, மாதக் கணக்கில் ஜெயிலிலும் இருந்தார். முக்கியமான குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்று இலாகா விசாரணை அறிக்கை 2019ல் வெளிவந்தும், 2021ல் அவர் வேலை நீக்கப்பட்டார். ஆந்திராவில் நர்சிப்பட்டணம் டாக்டர் சுதாகர், முகமூடி போதவில்லை என்று 2020ல் வாய் திறந்ததற்காக சஸ்பெண்டு ஆனார். இதைக் கண்ட மற்ற டாக்டர்கள் என்ன பாடம் கற்பார்கள்? இல்லாததை இல்லை என்று சொல்லாதே என்பதைத்தானே? குறையை வெளியில் சொல்ல ஆளில்லாத ஆஸ்பத்திரி, ஏழைக்குச் சுடுகாட்டுக்குப் போகும் வழிதானே?

குற்றவாளி டாக்டரை விட்டுவிடச் சொல்லுகிறோமா? ஒருக்காலும் இல்லை. லஞ்சம் வாங்கினவரையும், குடித்துவிட்டுக் கத்தி பிடித்தவரையும், சாட்சியைக் கலைக்கக் கூடியவரையும் அன்றைக்கே விலக்க வேண்டியதுதான். ஆனால் அதே நாளில் பதில் டாக்டர் வந்து நிற்க வேண்டும். குற்றப் பத்திரிகை கொடாமல் மூன்று மாதத்திற்கு மேல் சஸ்பெண்டை நீட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2015லேயே சொல்லியிருக்கிறது; அதை அனுசரிக்க வேண்டும். மற்றவர்களை வேலையில் வைத்துக்கொண்டே விசாரிக்கலாம். மருந்து வாங்காதவர், ஆள் போடாதவர், பாக்கி தீர்க்காதவர் ஆகியவர்களையும் விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

ஏலத் தோட்டத்துக் கூலிக்காரி ஒருத்தி, ஒரு நாள் கூலியை இழந்து, காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வருகிறாள். டாக்டர் இல்லை என்றால் எங்கே போவாள்? மந்திரவாதியிடம் போவாள், இல்லையேல் கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவாள். சஸ்பெண்டு உத்தரவில் டாக்டர் பெயர் எழுதியிருக்கிறது; அபராதம் கட்டுகிறவள் இவள்.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலில், "டாக்டரை சஸ்பெண்டு செய்" என்று கூச்சலிடுவதற்கு முன், "என்ன நடந்தது? ஏன் நடந்தது? நாளைக்கு யார் வைத்தியம் பார்ப்பது?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆட்டை வெட்டிவிட்டு மழைக்குக் காத்திருந்தது போதும்.