புதிய எஞ்சினா, புதுக்கிய எஞ்சினா?

பழைய மோட்டார் வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் உடலைச் செப்பனிட்டு, வலிமை மிக்க எஞ்சினைப் பொருத்தி, விரைவோட்டத்துக்கு உரியதாக்கும் தொழில் அமெரிக்க நாட்டிலே பெரியதொரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. இதில் ஈடுபடுவோர் யாவரும் ஒரு கேள்விக்கு விடை கண்டே தீரவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் புத்தம்புதிய எஞ்சினை வாங்குவதா? அன்றிப் பழையதைப் பிரித்துப் புதுக்கிக்கொள்வதா? பொறியியல் பயில விரும்பும் நம் மாணாக்கருக்கு இக்கேள்வி நல்லதொரு பாடம். கார் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும் இதிலே பயனுண்டு. ஆதலின் இவ்வாரம் அதனை எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்காட்டாகச் செவ்ரோலே வண்டிகளின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைக் கொள்வோம். 1955ஆம் ஆண்டு வண்டிகளுக்கென வெளிவந்த இது, 'சிறு பிளொக்' எனப் பெயர் பெற்றது. முதலில் அதன் கொள்ளளவு 265 கன அங்குலம். 1967ஆம் ஆண்டு வண்டிகளில் 350 கன அங்குல வகை தோன்றியது. இவ்வினத்தின் பத்துக் கோடியாவது எஞ்சின் 2011இல் செய்து முடிக்கப்பட்டது என்றால், பழைய எஞ்சின்கள் அந்நாட்டில் எத்துணை மலிந்து கிடக்கும் என்பதை ஊகிக்கலாம். அதே வேளை, முழுதாகப் பூட்டிய புதிய எஞ்சினையும் அந்நிறுவனம் விற்று வந்துள்ளது. மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவதால் அதனைக் 'கிறேற் எஞ்சின்' என்பர். ஆகவே இரு வழிகளும் அங்கே திறந்திருக்கின்றன.

வழியைத் தெரிவதற்கு முன், விரைவு கூடும்போது எஞ்சினுள்ளே நிகழ்வது யாதென அறிதல் வேண்டும். 350 எஞ்சினில் பிஸ்டன் ஒரு வீச்சில் செல்லும் தூரம் ஏறக்குறைய 88 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்னும் நிலையில், ஒவ்வொரு பிஸ்டனும் செக்கனுக்கு 200 தடவை நின்று, திசை மாறி, மீண்டும் பாய்கின்றது. சுற்றுகளின் தொகை இருமடங்கானால், பிஸ்டனை இழுத்து நிறுத்த வேண்டிய விசை நான்கு மடங்காகும். ஆதலால் 3,000 சுற்றில் பல்லாண்டு குறையின்றி உழைத்த இணைப்புத் தண்டு, 6,000 சுற்றிலும் அவ்வாறே உழைக்கும் என நம்புதற்கில்லை. அதனைப் பிணைக்கும் ஆணி ஒன்று அறுமாயின், தண்டு எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். கொட்டிய எண்ணெய் சக்கரத்தின் கீழே பரவும். வண்டி அவ்வேளை மணிக்கு நூறு மைல் வேகத்திற் சென்றுகொண்டிருப்பின் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தெரிவிலே பணம் மட்டுமன்றி உயிரும் அடங்கியுள்ளது.

புதிய எஞ்சினின் முதற் சிறப்பு அதன் வரலாறு தெளிவாயிருத்தலே. பகுதிகள் யாவும் தேயாதவை, வலு இவ்வளவு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, உத்தரவாதமும் உண்டு. மாதக்கணக்கிற் கராஜில் காத்திருக்க வேண்டியதில்லை. எனினும் பெட்டியைத் திறந்ததும் வேலை முடிந்துவிடாது. 1986ஆம் ஆண்டு மாதிரி முதல் இவ்வெஞ்சினின் பின்புற எண்ணெய்த் தடுப்பு ஒரே துண்டாக மாறியது. கிராங்க் தண்டின் பின்முனையும் உடன் மாறியது. அதன் பயனாக, முந்திய வண்டியின் பிளைவீல் என்னும் கனத்த சில்லு பிந்திய எஞ்சினுக்குப் பொருந்தாது. இத்தகைய சிறு வேறுபாடுகளே கொள்வோரின் பையைக் கரைப்பவை. பந்தயத்தில் ஓட்டினாற் செல்லாது என விதிக்கும் உத்தரவாதங்களும் உள. அவற்றின் சிறிய எழுத்துக்களை வாசித்தல் நன்று.

இனிப் புதுக்குதலை நோக்குவோம். கழுவிப் பெயின்ற் பூசுவது புதுக்குதல் ஆகாது. எஞ்சினை முற்றாகப் பிரித்து, சூடான கரைசலிற் கழுவி, இரும்புப் பகுதிகளைக் காந்தப்படுத்தி, அவற்றின்மேல் நுண்ணிய இரும்புத் துகளைப் பரவுவர். கண்ணுக்குப் புலனாகாத வெடிப்பு இருக்குமிடத்தில் துகள் திரண்டு அதனைக் காட்டிக்கொடுக்கும். பின்னர் மைக்ரோமீற்றர் கொண்டு அளத்தல். கிராங்க் தண்டுக்கும் அதன் பேரிங்குக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி மனித மயிரொன்றின் தடிப்பளவே. அது கூடினும் குறையினும் கேடு.

தேய்ந்த சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் முப்பது பங்கு பெருப்பித்துப் புதிய பிஸ்டன்களை இடுவது வழக்கம். 350 கன அங்குலம் அவ்வாறே 355 ஆகின்றது. ஆயினும் ஒவ்வொரு கடைசலிலும் சுவர் மெலிகின்றமையால் இதற்கு எல்லையுண்டு. தேர்ந்த வினைஞர், சிலிண்டரைத் தீட்டும்போது தடித்ததோர் இரும்புத் தகட்டை அதன் தலையில் இறுகப் பூட்டிக்கொள்வர். மேல்மூடியின் ஆணிகளை இறுக்குகையிற் சிலிண்டர் சிறிதே கோணுமாதலால், அக்கோணலை முன்னரே உண்டாக்கி, அந்நிலையில் அதனை வட்டமாக்குகின்றனர். எத்துணை நுட்பம்!

பழைய இரும்பு இழிந்ததன்று என்பதற்கு ஜேர்மனியிலிருந்து ஒரு சான்று தரலாம். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் 1961இல் அறிமுகமான 1500 என்னும் சாதாரணக் காருக்கென அமைந்தது. அதில் அதன் வலு 80 குதிரைவலு. அதே வார்ப்பிரும்பு பிளொக்கின் அடிப்படையில், போல் றொஷே என்னும் பொறியியலாளரின் குழுவினர் 600 குதிரைவலுவையும் விஞ்சும் பந்தய எஞ்சினை ஆக்கினர். 1983இல் நெல்சன் பிக்கே உலக வாகையர் ஆனது அந்த எஞ்சினைக் கொண்டே. அவர்கள் றோட்டில் ஓடிப் பழகிய பிளொக்குகளையும் விரும்பி எடுத்தனர். பன்முறை சூடேறிக் குளிர்ந்த வார்ப்பு தன் உள்ளிறுக்கம் தணிந்து நிலைபெற்றிருக்கும் என்பது அவர்தம் துணிபு. ஆனால் அவர்கள் பழையதிற் கொண்டது பிளொக்கை மட்டுமே. பிஸ்டனையும் தண்டையும் புதிதாகவே செய்தனர்.

நம் நாட்டு வாசகர் இங்கே ஒரு சொல்லைக் குறித்து விழிப்பாயிருத்தல் வேண்டும். 'ரீகண்டிஷன்' என நாம் வழங்கும் வண்டி, பெரும்பாலும் யப்பானில் ஓடிப் பின் இங்கு இறக்குமதியானதே. அப்பெயர் கொண்டமையால் மட்டும் அதன் எஞ்சின் பிரித்துப் புதுக்கப்பட்டது எனக் கொள்ளலாகாது. எஞ்சினைத் தனியே வாங்குவோரும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

நம் முடிபு இது. பழைய பிளொக் வெடிப்பின்றி, சுவர் தடிப்புடன் இருந்து, அளந்து பார்த்தே வேலை செய்யும் கராஜும் வாய்க்குமாயின், புதுக்குதலே சிறந்தது. வேண்டிய வலுவுக்கேற்பப் பகுதிகளைத் தெரிந்துகொள்ளலாம். வண்டியின் தொடரிலக்கம் பொறித்த மூல எஞ்சினாயின் அதன் மதிப்பும் காக்கப்படும். பிளொக் பழுதுற்றதாயினும், நம்பத்தக்க வினைஞர் கிட்டாவிடினும், புதியதை வாங்குவதே அறிவுடைமை. அரைகுறையாகப் புதுக்கிய எஞ்சின் இரட்டைச் செலவாய் முடியும்.

எஞ்சினைப் புதுக்கித் தருவோரிடம், சிலிண்டரின் விட்டம், பேரிங்கின் இடைவெளி, மாற்றிய ஆணிகள் ஆகியவற்றை எழுத்திற் கேட்டு வாங்குக. அளந்தவர் தயங்காது எழுதித் தருவார். தயங்குவாராயின், வண்டியை அவரிடம் விட்டுவராதீர்கள்.