கழற்றுமுன் கண்டறியுங்கள்



பழைய வேனின் கிளட்ச் பெடல் கடினமாகிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னவுடன், "முழு செட்டையும் மாற்றிவிடுங்கள்" என்று கட்டளையிடுகிறவர்கள் உண்டு. "இன்னும் அழுத்தி மிதித்து ஓட்டும்" என்று கடிந்துகொள்கிறவர்களும் உண்டு. இவ்விரண்டும் தவறு என்பதே என் கருத்து. முந்தையது பணத்தை வீணாக்குகிறது. பிந்தையது மனிதரை ஆபத்துக்குள்ளாக்குகிறது.

மாருதி ஆம்னியை எடுத்துக்கொள்வோம். 1984-இல் சாலைக்கு வந்து, 2019-இல் உற்பத்தி நின்றுபோன இந்த 796 சிசி வேன், இன்றும் எத்தனையோ சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது. இதில் பாதத்தின் விசையைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்வது ஓர் எஃகுக் கேபிள். மழைநீரையும் சேற்றையும் தாங்கும் அக்கேபிள் பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை. உறைக்குள் துருவேறுகிறது, இழை இழையாகப் பிரிகிறது, பெடல் நாளுக்கு நாள் கனக்கிறது. அந்தக் கனமே அது தரும் எச்சரிப்பு.

ஆகவே, ஸ்பேனரை எடுக்குமுன் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதலாவது, பெடல் எப்படி இருக்கிறது? கடினமாயிருந்தால், என்ஜினை நிறுத்தி, கேபிளின் மறுமுனையைக் கிளட்ச் நெம்புகோலிலிருந்து விடுவித்து, பெடலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அப்போதும் இறுகினால், குறை கேபிளிலோ பெடலின் அச்சிலோ இருக்கிறது. இலகுவாக அசைந்தால், குறை உள்ளே இருக்கிறது. எதிர்ப்பே இன்றிப் பெடல் தரையோடு படிந்துவிட்டால், கேபிள் அறுந்திருக்கலாம்; அல்லது அதன் முனை கழன்றிருக்கலாம்.

இரண்டாவது, மிதிக்கத் தொடங்கும்போது சிறிது தளர்வு உண்டா? மெக்கானிக்குகள் 'ஃப்ரீ பிளே' என்று சொல்லும் இந்த வெற்று அசைவு குறையல்ல, அது அவசியமானது. கேபிள் நீண்டால் தளர்வு மிகும். கிளட்ச் முழுவதும் விடுபடாது. கியர் போடுகையில், விசேஷமாக ரிவர்ஸில், கரகரக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்தாலோ தளர்வு குறையும். அது முற்றிலும் இல்லாமற்போனால் பிளேட் வழுக்கும். மேட்டில் என்ஜின் இரையும், வண்டி ஏறாது, கருகிய நாற்றம் எழும். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: கேபிள் முனையிலுள்ள நட்டைத் திருகி, கையேட்டில் குறித்த அளவுக்குத் தளர்வைச் சரிசெய்வது. அதன் பின்னும் வழுக்கினால் மட்டுமே பிளேட்டைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, சத்தம் எப்போது எழுகிறது? பெடலை மிதிக்கும்போது எழுந்தால், ரிலீஸ் பேரிங்கின் குறையாயிருக்கலாம். மிதிக்கும்போது அடங்கி, விடும்போது எழுந்தால், கியர்பாக்ஸின் பேரிங்கைக் கவனியுங்கள்.

கேபிளுக்குப் பதிலாகத் திரவத்தால் கிளட்சை இயக்கும் வேன்களும் உண்டு. அவற்றில் பெடல் பஞ்சுபோல் மென்மையானால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கையில் மெல்ல அமிழ்ந்தால், சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதோடு நின்றுவிடாதீர்கள். ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். அவசரத்துக்கென்று என்ஜின் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும்.

"எப்படியும் ஒருநாள் மாற்றத்தானே வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். மெய்தான். கியர்பாக்ஸைக் கீழே இறக்கும் நாள் வந்தால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் சேர்த்து மாற்றுவதே ஞானம். ஏனெனில் கூலியின் பெரும்பங்கு அந்த இறக்கி ஏற்றும் வேலைக்கே போகிறது. ஆனால் கேபிளால் தீரக்கூடிய குறைக்காகக் கியர்பாக்ஸை இறக்குவது, பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த காணிக்கையை வீணடிப்பதாகும். வெளியிலிருந்து உள்ளேயும், எளியதிலிருந்து அரியதுக்கும் செல்லுங்கள்.

வண்டிக்கு அடியில் பார்க்க நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். உறுதியான தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்பே குனியுங்கள்.

இன்னுமொன்று. வண்டியின் குறையை முதலில் அறிவது ஓட்டுநரின் கால். அவர் முறையிடும்போது, அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். பிள்ளைகள் நிறைந்த வேன் ஏற்றத்திலோ ரயில்வே கேட்டிலோ கேபிள் அறுந்து நிற்கும் வேளையில், அவருடைய சொல்லைத் தள்ளிவிட்டதை நினைத்து வருந்துவதில் பயனில்லை. அடுத்த பயணத்துக்கு முன்பாகவே அவரை அழைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்டு, இந்த மூன்று கேள்விகளையும் அவரோடு சேர்ந்து ஆராயுங்கள்.